மார்கழியில் செஞ்சிக்கு ஒரு ரைடு: பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: நாங்கள் பைக் ஓட்டும் பதினான்கு பேர். மார்கழி ஞாயிறு ஒன்றில் கிளம்பி அன்றே திரும்ப வேண்டும். நான்குவழிச் சாலையிலேயே ஓட்டி அலுத்துவிட்டது. சின்ன ஊர்கள் வழியாக ஒரு பாதை சொல்லுங்களேன். (வாசகி, தாம்பரம்)

செஞ்சிக்கு வாங்க. போக வர சுமார் 250 கிலோமீட்டர். போகும்போது மட்டும் திண்டிவனம் வரை பெரிய சாலை. மேல்மருவத்தூரில் இந்த மாதம் செவ்வாடை பக்தர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடப்பார்கள், அங்கே வேகத்தைக் குறையுங்கள். திண்டிவனத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பினால் செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு மட்டும் வேண்டாம். திருவண்ணாமலை கிரிவலப் பேருந்துகள் எல்லாம் இந்தச் சாலையில்தான் போகும்.

2025-இல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. கோட்டைக் குன்றான ராஜகிரி மேல் ஏறி இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும், வெயில் ஏறுமுன் ஆரம்பித்துவிடுங்கள். ரைடிங் பூட்டோடு அந்தப் படிகளில் ஏற முடியாது, ஒரு கேன்வாஸ் ஷூ எடுத்து வாங்க. குரங்குகள் டேங்க் பையைத் திறந்து பார்க்கும். சாப்பிடும் பொருள் எதையும் வண்டியில் வைக்க வேண்டாம்.

திரும்பும்போது வந்த வழியே போகாதீர்கள். தேசூர், வந்தவாசி, உத்திரமேரூர், செங்கல்பட்டு என்று போங்கள். இந்தப் பயணத்தின் ருசியே அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஏரிக்கரை, கரும்பு, சவுக்கு, ஒரு டீக்கடை, மறுபடி ஏரி. வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். அடுத்த ஆண்டே செஞ்சியும் அவர்கள் கையை விட்டுப் போனது. அந்த இரண்டு ஊரையும் ஒரே பகலில் வண்டியில் தொட்டுவிடுகிறீர்கள். கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் வந்தவாசி, டிக்கியில் இடம் இருந்தால் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் செங்கல்பட்டைத் தொட்டுவிடுங்கள்.

கேள்வி: பனிமூட்டத்தில் எப்படி ஓட்டுவது? (வாசகர், மறைமலைநகர்)

ஓட்டாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். ஐந்து மணிக்குக் கிளம்புவதை விட்டு ஆறரைக்குக் கிளம்புங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் லோ பீம் போட்டு, மெதுவாக டீக்கடை வரை வந்து, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள். சாலை ஓரத்திலேயே நிற்பது ஆபத்து. விளக்கில்லாமல் நிற்கும் லாரியும், பின்னால் சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாத கரும்பு டிராக்டரும்தான் எனக்குப் பனியைவிடப் பெரிய பயம். ஹெல்மெட் கண்ணாடி (வைசர்) உள்பக்கம் மங்கினால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். முந்தின இரவே பாத்திரம் கழுவும் சோப்பை உள்பக்கம் லேசாகத் தடவி, மெல்லிய துணியால் துடைத்து வைத்தால் அவ்வளவாக மங்காது.

கேள்வி: கூட்டமாகப் போகும்போது எப்போதும் இரண்டு பேர் தொலைந்துபோகிறார்கள். பின்னால் இருப்பவர்கள் துரத்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. (வாசகர், குரோம்பேட்டை)

துரத்த வைப்பதுதான் விபத்து. என் பட்டறைக்கு ஞாயிறு மதியம் தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கடைசியில் வந்தவர்களுடையது. பதினான்கு பேர் என்றால் ஏழு ஏழாகப் பிரியுங்கள். அனுபவம் உள்ளவர் ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். புதிதாக ஓட்டுகிறவரை முன்வண்டிக்கு அடுத்ததாக விடுங்கள், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ஒவ்வொருவரும் தன் பின்வண்டிக்குப் பொறுப்பு: திருப்பத்தில் நின்று, அந்த வண்டி கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். இதை எல்லோரும் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள், யாரும் ஆக்சிலேட்டரை முறுக்கவும் தேவையில்லை. வெளிச்சாலையில் ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் போகலாம். ஊருக்குள் ஒற்றை வரிசைதான்.

ஊர் என்றதும் இன்னொன்று. தை பிறக்கும் சமயத்தில் இந்தச் சாலைகளில் நெல் காயும். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு அது. சாலையில் காயப்போடலாமா என்ற வாதமெல்லாம் அப்புறம், அதன் மேல் ஏற்றாதீர்கள். வழுக்கியும் விடும். சைலன்சரை மாற்றிய வண்டிக்கு எங்கள் பக்கம் வேலையில்லை. மார்கழி விடியலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் திடுக்கிட்டு எழுவதைப் பார்த்தவன் சொல்கிறேன். டீக்கடை முன்னால் பதினான்கு வண்டியையும் அடைத்து நிறுத்தினால் பேருந்துக்கு நிற்பவர் எங்கே போவார்? இரண்டு மூன்று கடையாகப் பிரிந்து குடியுங்கள். எல்லாக் கடைக்காரர்களுக்கும் வியாபாரம்.

கேள்வி: கிளம்புமுன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், செங்கல்பட்டு)

டயர் காற்றை வண்டி ஓடுமுன், குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். செயின் தொய்வு, கிளட்ச் கேபிள், பின் விளக்கு. ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் குழுவுக்கு இரண்டு. ஞாயிறு மதியத்துக்கு மேல் தேசூர்ப் பக்கம் பட்டறை திறந்திருக்கும் என்று நம்பி வர வேண்டாம். குளிருக்கு ஜெர்க்கினுக்குள் நெஞ்சில் ஒரு பழைய நாளிதழை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், திண்டிவனம் வந்ததும் எடுத்துவிடலாம்.