பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் பயன்படாத ஒயர்களை வெட்டி எடுக்கலாமா?

நீங்கள் சொல்வது மாடுலர் இல்லாத, அதாவது ஒயர்களைத் தனியாகக் கழற்ற முடியாத 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), சின்ன கேபினட், மாட்டியிருப்பது ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. மோலெக்ஸ் ஒயர்களும் (பழைய டிரைவ்களுக்கான நாலு பின் ஒயர்கள்) கிராபிக்ஸ் கார்டு ஒயரும் சும்மா கொத்தாகக் கிடக்கின்றன, வெட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வெட்டலாம். ஆனால் வெட்டாமலே சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் முடியும். ஒயர் கிடப்பதால் காற்றோட்டம் கெட்டு எல்லாம் சூடாகிவிடும் என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. விசிறி இறக்கையில் உரசாமல், முன்பக்க விசிறியை அடைக்காமல் இருந்தால் வெப்பத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. மதர்போர்டு தட்டுக்குப் பின்னால் இடம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் காலியாக இருக்கும் ஹார்டு டிஸ்க் கூண்டுக்குள் மடித்துவைத்து கேபிள் டை போட்டு இறுக்கிவிடுங்கள். நாளைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் அந்த 6+2 பின் ஒயரைத்தான் தேடுவீர்கள், அதை மட்டுமாவது விட்டுவையுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் வெட்டிய அன்றே அதுவும் போச்சு.

இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒயரை போர்டில் இருந்தே சோல்டர் எடுத்துக் கழற்றினால் சுத்தமாக இருக்கும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள், உண்மைதான், ஆனால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை டிசியாக மாற்றிச் சுமார் 325 வோல்ட்டில் தேக்கிவைத்திருக்கும், ஆக்டிவ் பி.எஃப்.சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள யூனிட் என்றால் 380, 400 வோல்ட் வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு அது தானாக வடிய வேண்டும். வடிக்கும் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் வடியாமல் அப்படியே நிற்கும், வெளியில் இருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. டிசி 600 வோல்ட்டுக்கு மேல் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்துத் தொடத் தெரிந்தவருக்கு மட்டுமான வேலை அது. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தவிர, கறுப்பு ஒயர்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் அகலமான செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடும், வீட்டில் இருக்கும் 25 வாட் சோல்டரிங் அயர்னுக்கு அந்த ஈயம் எளிதில் உருகாது. திணறித் திணறி போர்டைக் கெடுப்பதுதான் மிச்சம்.

அதனால் வெளியிலேயே வெட்டுங்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள், பின்பக்க சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல யூனிட்களில் அது ஒரு ஒயரை மட்டும்தான் துண்டிக்கும், சுவர் பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் உள்ளே கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். பிளக் இல்லாமல் கேபினட்டின் பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள், அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்ஸை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பெட்டியை ஒட்டி வெட்டாதீர்கள், நாலைந்து சென்டிமீட்டர் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் வெட்டிய முனை உள்ளே வழுக்கிப் போய்விடும். மோலெக்ஸில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு கிரவுண்ட். ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளம் குறைத்து வெட்டினால் செம்பு முனைகள் ஒன்றுக்கொன்று நேராக வராது. ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்), முனையைத் தாண்டி நீட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே நுனியை நசுக்கி மூடுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், கேபினட் சூட்டில் பசை இளகிச் சில மாதங்களில் கழன்றுவிடும். மஞ்சளும் கறுப்பும் தொட்டால் என்ன ஆகும்? 450 வாட் யூனிட்டின் 12 வோல்ட் பக்கம் 30 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. நல்ல கம்பெனி யூனிட் ஷார்ட் என்று உணர்ந்து உடனே அணைந்துவிடும், மலிவு யூனிட்டில் ஒயர் உருகுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் எஸ்.எஸ்.டி மாட்டியிருக்கும் சாட்டா ஒயரில் மீதமுள்ள இரண்டு கனெக்டர் தொங்குகிறதா? எஸ்.எஸ்.டிக்கு அப்பால் இருக்கும் வாலை மட்டும் இதே முறையில் வெட்டலாம்.

மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கொத்தில் கைவைக்காதீர்கள். அதில் ஒரே பின்னில் தடிமனான ஆரஞ்சு ஒயரோடு மெல்லிய பழுப்பு ஒயர் ஒன்று சேர்ந்திருக்கும், தேவையில்லாத ஒயர் மாதிரியே தெரியும். 3.3 வோல்ட் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று எஸ்.எம்.பி.எஸ் பார்த்துக்கொள்வது அதன் வழியாகத்தான், அதை வெட்டினால் வோல்டேஜ் தாறுமாறாகும் அல்லது யூனிட் ஆன் ஆகவே ஆகாது.

முடிந்ததும் நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டாதீர்கள். எதிலும் இணைக்காமல், பவர் கார்டு போடும் முன்பே 24 பின்னில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டு, பிறகு ஆன் செய்து மல்டிமீட்டரில் பாருங்கள்: 12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை இருந்தால் சரி.

இவ்வளவும் வேண்டாம், மாடுலர் யூனிட்டே வாங்கிவிடுகிறேன் என்றால் அது இன்னும் நல்லது. ஆனால் கையில் இருக்கும் வேறு மாடுலர் யூனிட்டின் கேபிளை அதில் செருகிவிடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலில்கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்.எஸ்.டி அந்த நொடியே போய்விடும், அதில் இருக்கும் போட்டோ, பைல் எல்லாம் சேர்த்து.