ஜோடியாக ஆடிப் பிழைக்க முடியுமா? பேட்மின்டன் இரட்டையர் ஆட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஒற்றையர் ஆட்டத்தில் இரண்டாம் சுற்றைத் தாண்டுவதில்லை. "இரட்டையருக்கு மாறிவிடட்டும்" என்கிறார் பயிற்சியாளர். ஒற்றையரில் தேறாதவர்களுக்கான இடமா அது?

இல்லவே இல்லை. அந்த எண்ணத்தோடு மகனை அனுப்பினால் அங்கேயும் இரண்டாம் சுற்றில்தான் நிற்பான். இரட்டையர் ஆட்டம் வேறு தொழில். ஒற்றையரில் ஒரு ஆள் நான்கு மூலைக்கும் ஓடி, எதிராளியைக் களைக்க வைக்க வேண்டும். இரட்டையரில் ஓடும் தூரம் குறைவு, ஷட்டில் திரும்பி வருகிற நேரம் அதைவிடக் குறைவு. உடம்புக்கு முன்னால் ராக்கெட் எவ்வளவு சீக்கிரம் திரும்பி நிற்கிறது என்பதே முதல் தகுதி.

மகனுக்கு இது பொருந்துமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சர்வீஸ் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் அவனை நிற்க வைத்து, 30 நொடி இடைவிடாமல் டிரைவ் (வலையை ஒட்டித் தட்டையாகப் பறக்கும் அடி) அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ராக்கெட் நெஞ்சு உயரத்துக்குத் திரும்பி வருகிறதா, தொடைப் பக்கம் தொங்கிவிடுகிறதா? அடுத்து ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது). அடித்துவிட்டு அழகு பார்த்துக்கொண்டு நிற்கிறானா, அடுத்த அடிக்குக் கால் நகர்கிறதா? இந்த இரண்டும் இருந்தால் பயிற்சியாளர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. உயரம் ஒரு தடையே அல்ல. 170 செ.மீ. உயரமுள்ள இந்தோனேசியாவின் கெவின் சஞ்சயா, மார்கஸ் கிடியோனுடன் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உலகின் முதலிடத்தில் இருந்தார்.

ஆனால் இப்போதே ஒற்றையரைக் கைவிட வேண்டாம். 16, 17 வயது வரை இரண்டையும் ஆடட்டும். 12 வயதிலேயே இரட்டையரில் மட்டும் இறங்கியவர்களுக்குப் ஆடுகளத்தின் பின்பகுதியில் கால் போதாமல், பிற்பாடு முன்பகுதியிலேயே ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: நாடுகள் அணியாக மோதும் தாமஸ் (ஆண்கள்), ஊபர் (பெண்கள்) கோப்பைகளில் ஐந்து ஆட்டங்களில் இரண்டு இரட்டையர். ஆண், பெண் கலந்த அணிகளுக்கான சுதிர்மான் கோப்பையில் ஐந்தில் மூன்று. நல்ல ஜோடி இல்லாத நாடு அணிக் கோப்பையை வெல்வது மிகக் கடினம்.

கேள்வி: ஜோடியை மாற்றினால் தரவரிசை என்ன ஆகும்? எப்போது மாற்றலாம்?

இரட்டையர் தொழிலில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. உலகத் தரவரிசைப் புள்ளி ஜோடிக்குத்தான், தனி ஆளுக்கு அல்ல. கடந்த 52 வாரங்களில் அந்த ஜோடி ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். பெரிய போட்டிகளுக்கு அவற்றின் தரத்தைக் காட்டும் எண் உண்டு: சூப்பர் 1000 போட்டியை வென்றால் 12,000 புள்ளி, 750-க்கு 11,000, 500-க்கு 9,200, 300-க்கு 7,000, சூப்பர் 100-க்கு 5,500. அதற்குக் கீழே இன்டர்நேஷனல் சேலஞ்ச் 4,000, இன்டர்நேஷனல் சீரீஸ் 2,500, ஃபியூச்சர் சீரீஸ் 1,700. பிரிந்துபோனால் இந்தக் கூட்டுத்தொகை யாருடனும் போகாது. புதிய ஜோடி பட்டியலில் புதிதாகத்தான் சேர்க்கத் தொடங்க வேண்டும். பிரியாமலேயே அடி விழுவதும் உண்டு. பார்ட்னருக்குக் கணுக்கால் சுளுக்கினால், ஓடியாடக்கூடிய நீங்களும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அதற்காகப் பொருந்தாத ஜோடியோடு காலம் தள்ளவும் கூடாது. சீனாவின் ஃபு ஹைஃபெங் 2012 ஒலிம்பிக்கில் காய் யுன்னுடன் தங்கம் வென்றார், 2016-இல் சாங் நானுடன் மறுபடி வென்றார். தென்கொரியாவின் சியோ சியுங்-ஜே 2023 உலகச் சாம்பியன்ஷிப்பை காங் மின்-ஹ்யுக்குடன் வென்றார். 2025 தொடக்கத்தில் கிம் வோன்-ஹோவுடன் சேர்ந்து, அதே ஆண்டிலேயே முதலிடத்துக்கு வந்து உலகப் பட்டத்தையும் மறுபடி எடுத்தார்.

பிரியும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் வேலையை மாற்றிப் பாருங்கள். முன்னால் நிற்பவர் பின்னால் அடிக்கட்டும், சர்வீஸ் ஏற்கும் இடத்தை மாற்றுங்கள். "பொருந்தவில்லை" என்று பேசப்படும் ஜோடிகளில் பல, உண்மையில் இருவருமே ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவை. இரண்டாவது, நாள்காட்டி. பாரிஸ் 2024-க்கான தகுதிப் புள்ளிகள் 2023 மே தொடங்கி 2024 ஏப்ரல் வரை எண்ணப்பட்டன. ஒலிம்பிக்கில் ஒரு பிரிவுக்கு 16 ஜோடிகளுக்குத்தான் இடம். தகுதி எண்ணும் ஆண்டின் நடுவில் பிரிவது இருவருக்கும் நஷ்டம். அது தொடங்குவதற்கு ஆறேழு மாதம் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும்.

கேள்வி: பரிசுப் பணத்தில் வாழ முடியுமா?

உச்சியில் இருப்பவர்களுக்கு முடியும். மற்றவர்களுக்குப் பரிசுப் பணம் மட்டும் போதாது. கணக்கைப் பார்த்தால் புரியும். சூப்பர் 1000, 750 போட்டிகளில் ஒற்றையர் வெற்றியாளருக்கு மொத்தப் பரிசில் 7 சதவீதம், இரட்டையரில் வெல்லும் ஜோடிக்கு 7.4 சதவீதம். மொத்தம் 8,50,000 டாலர் என்றால் ஒற்றையர் சாம்பியனுக்கு 59,500. ஜோடிக்கு 62,900, அதாவது ஆளுக்கு 31,450. அரையிறுதியில் தோற்றால் ஒற்றையருக்கும் 11,900, ஜோடிக்கும் அதே 11,900. விமானச் சீட்டு ஒற்றையர் ஆடுகிறவருக்கு ஒன்று, ஜோடிக்கு இரண்டு. இது நியாயமான பங்கீடு என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே சேலஞ்ச், சீரீஸ் மட்டத்தில் ஆடும் ஆண்டுகளைப் பணத்துக்கான ஆண்டுகளாக நினைக்காதீர்கள். அவை புள்ளிக்கான ஆண்டுகள். அந்தச் செலவை ஈடுகட்ட ஒரு வேலையோ, சங்கத்தின் உதவியோ, ராக்கெட் நிறுவன ஒப்பந்தமோ வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் ஒரே வட்டாரத்தில் நடக்கும் இரண்டு மூன்று போட்டிகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒரே பயணத்தில் முடியும். முதல் வாரமே முதல் சுற்றில் தோற்றாலும் அடுத்த போட்டி வரை அங்கேயே பயிற்சி செய்ய இடம் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வரியை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள்: தரவரிசை ஊக்கத்தொகை. ஜோடி மாறினால் அந்தத் தொகை என்னாகும் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். பார்ட்னருக்கு வேறு நிறுவனம் என்றால் சட்டை நிறத்தையும் முன்பே ஒத்துப்பேசி வையுங்கள். ஜோடி ஒரே நிறத்தில்தான் களமிறங்க வேண்டும்.

கேள்வி: என் குட்டை சர்வீஸ் ஒவ்வொன்றையும் எதிராளி வலையருகிலேயே அடித்து முடிக்கிறார். எங்கே பிழை?

பெரும்பாலும் ஷட்டிலின் உச்சி இருக்கும் இடத்தில். நல்ல சர்வீஸ் தன் உச்சியை உங்கள் பக்கத்திலேயே தொட்டுவிட்டு, வலையைத் தாண்டும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். உங்களுடையது வலைக்கு மேலேயோ அதைத் தாண்டியோ உச்சிக்குப் போகிறது. வலையின் நடு உயரம் 1.524 மீட்டர். அடிக்கும் கணத்தில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. பயந்துபோய் இதற்கு வெகு கீழே பிடிப்பவர்களின் ஷட்டில் செங்குத்தாக ஏறுகிறது. விதி இடம் தருகிற அளவுக்கு உயர்த்திப் பிடியுங்கள்.

அடுத்த பிழை, மணிக்கட்டை வெடுக்கென்று ஒடிப்பது. பேக்ஹேண்ட் சர்வீஸில் கட்டைவிரல் தள்ளட்டும், விரல்கள் இறுகட்டும், அவ்வளவே. பின்னுக்கு இழுக்கும் தூரம் ஒரு சாண்கூட வேண்டாம். மூன்றாவது, ஷட்டிலை எறிந்து அடிப்பது. விரல்கள் விடுவதும் ராக்கெட் தொடுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நடக்க வேண்டும். விடும்போது ஷட்டிலைச் சுழற்றிவிடும் 'ஸ்பின்' சர்வீஸை 2023-இல் தடை செய்துவிட்டார்கள், அதில் நேரம் செலவிட வேண்டாம்.

பயிற்சிக்கு வலையின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் ஒரு நூல் கட்டுங்கள். நூலுக்கும் வலைக்கும் நடுவே ஷட்டில் போக வேண்டும், 1.98 மீட்டர் தொலைவில் உள்ள குட்டை சர்வீஸ் கோட்டில் விழ வேண்டும். பத்துப் பத்தாக, நாளுக்கு நூறு. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அரை நிமிடம் கயிறு தாண்டி மூச்சு வாங்க வையுங்கள். இருபதாவது புள்ளியில் கை நடுங்கும்போது போடுவதுதான் நிஜ சர்வீஸ், நிதானமான மூச்சில் போடுவது வேறு. பத்தில் எட்டு தேறும்வரை ஃப்ளிக் (குட்டையாகப் போடுவதுபோல் காட்டி, பின்னால் உயர்த்தித் தட்டிவிடும் சர்வீஸ்) பழக வேண்டாம். குட்டை சர்வீஸுக்கு அஞ்சாத எதிராளி ஃப்ளிக்குக்கும் ஏமாறமாட்டார். இரட்டையரில் நீள சர்வீஸ் கோடு பின்கோட்டுக்கு 76 செ.மீ. உள்ளே இருப்பதால் ஃப்ளிக் விழ இடமும் குறைவு.

சர்வீஸ் போட்டதும் ராக்கெட்டை உயர்த்துங்கள். போட்டுவிட்டு அது எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்குள் மூன்றாவது அடி வந்துவிடும்.

கேள்வி: தற்காப்பில் நடுவில் வரும் ஷட்டிலை இருவரும் விட்டுவிடுகிறோம். யாருடையது?

ஸ்மாஷ் அடிப்பவருக்கு நேர் எதிரே நிற்பவர் பக்கக் கோட்டையும் தன் உடம்பையும் காக்க வேண்டும். குறுக்கே நிற்பவரை நோக்கி வரும் அடி அதிகத் தூரம் பயணிப்பதால் அவருக்கு ஒரு கண நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே நடு அவருடையது. அவர் தன் கோட்டை விட்டு ஓரடி உள்ளே வந்து நிற்க வேண்டும். "ஃபோர்ஹேண்ட் யாருக்கோ அவர்" என்பது பொழுதுபோக்கு ஆட்டத்துக்குச் சரி. இருவரில் ஒருவர் இடதுகை என்றால் அந்த விதி பாதி நேரம் குழப்பும். உங்கள் லிஃப்ட் (எதிராளியின் பின்பக்கத்துக்கு உயர்த்தி அடித்தது) எந்த மூலைக்குப் போனது என்று பார்த்து, ஜோடியே அந்தப் பக்கமாகச் சற்று நகர வேண்டும். நகராமல் நின்றால்தான் நடுவில் ஓட்டை.

கேள்வி: ஸ்ட்ரிங் எத்தனை பவுண்டில் கட்டலாம்? தொழில்முறை வீரர்கள் 30 என்கிறார்களே.

அவர்கள் ஒவ்வொரு முறையும் நட்ட நடுவில் அடிக்கிறவர்கள். இழுவிசை கூடக்கூட நன்றாகத் தெறிக்கும் பரப்பு சுருங்கும். நடு தப்பினால் அதிர்வு முழங்கைக்கு வரும், சட்டகத்திலும் விரிசல் விழும். 22-இல் தொடங்கி, பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குச் சிரமமின்றி க்ளியர் (உயரமான நீள அடி) போகும்வரை ஒவ்வொரு பவுண்டாக ஏற்றுங்கள். ஆடுகளத்தின் முன்பகுதியில் ஆடுகிறவருக்குத் தலை கனக்காத ராக்கெட்டும் 0.65 மி.மீ. மெல்லிய ஸ்ட்ரிங்கும் வேகம் தரும், ஆனால் சீக்கிரம் அறுந்துபோகும். போட்டிக்கு ஒரே எடை, ஒரே இழுவிசையில் குறைந்தது மூன்று ராக்கெட்.

கேள்வி: கலப்பு இரட்டையரையும் சேர்த்து ஆடலாமா?

சிலரால் முடிகிறது. சீனாவின் சாவ் யுன்லெய் 2012 ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றார், சியோ சியுங்-ஜே 2023-இல் இரண்டிலும் உலகச் சாம்பியன். ஆனால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், வாரம் முழுக்க அப்படியே. 22 வயதுக்கு மேல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முழங்காலுக்கு நல்லது.

கேள்வி: முன்னால் நிற்கும்போது பார்ட்னர் அடித்த ஷட்டில் கண்ணோரம் பட்டுவிட்டது. எப்படித் தவிர்ப்பது?

பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். மோசமான கண் காயங்களில் பல, முன்னால் நிற்பவர் "பார்ட்னர் என்ன அடிக்கப் போகிறார்" என்று தலையைத் திருப்பும்போது நடப்பவை. இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியின் ஸ்மாஷ் 2023-இல் ஒரு சோதனையில் மணிக்கு 565 கி.மீ. பதிவானது. கண் இமைக்கக்கூட நேரமிருக்காது. எதிராளிகளின் ராக்கெட்டையும் தோளையும் பாருங்கள், பார்ட்னரின் அடி எப்படிப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ராக்கெட்டை முகத்துக்கு முன்னால் வையுங்கள். பயிற்சியில் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அடிபட்ட பிறகு பார்வை மங்கினாலோ, ஒளிக்கீற்று தெரிந்தாலோ, கண்ணில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஐஸ் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆடக் கூடாது.

கேள்வி: எத்தனை வயது வரை ஆடலாம்?

ஒற்றையரைவிடச் சில ஆண்டுகள் அதிகம். இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியாவான் 2019 உலகச் சாம்பியன்ஷிப்பை முகமது அஹ்சானுடன் வென்றது அவரது 35-ஆவது பிறந்தநாளில். 2025 வரை ஆடினார். ஸ்மாஷ் வேகம் குறையத் தொடங்கிய பிறகும் சர்வீஸ் ஏற்பது, வலையருகே இடம் பிடிப்பது இரண்டும் கூர்மையாகிக்கொண்டே போனதால் அது நடந்தது. 28 வயதைத் தாண்டியவர்கள் போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஆனால் உலகின் முதல் பத்து ஜோடிகளுக்கு சூப்பர் 1000, 750 போட்டிகள் எல்லாமும், 500-இல் இரண்டும் கட்டாயம் என்பதால், குறைப்பது எளிதல்ல. அந்த இடத்தில் இருப்பவர்கள் வெட்ட வேண்டியது 300-ஐயும் லீக்குகளையும். மிச்சமாகும் வாரங்களைத் தோள்பட்டையைச் சுற்றிய சிறு தசைகளுக்கும் கெண்டைக்கால், குதிகால் தசைநாணுக்கும் ஒதுக்குங்கள். இந்த வயதில் முதலில் மக்கர் செய்பவை அவைதான்.