ஆட்டுக்கும் அனுமதி வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து நண்பர்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கும்பகோணம் பகுதியில் ஒரு முழுநீளப் படம் எடுக்க இருக்கிறோம். மூத்த எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையைத் தழுவியது. தொலைபேசியில் கேட்டபோது, "தாராளமா எடுத்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். 10 வயதுச் சிறுமியும் அவள் வளர்க்கும் ஆடும்தான் முதன்மைப் பாத்திரங்கள். தாராசுரம் கோயில், ஒரு சிறிய ரயில் நிலையம், ஒரு டீக்கடை, அரசலாற்றின் மேல் ஒரு டிரோன் ஷாட் என்று 14 நாட்களில் முடிக்கத் திட்டம். போலீஸ் அனுமதி மட்டும் போதும், மற்ற காகிதங்கள் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்கிறார்கள். அவற்றின் பின்னால் அலைந்தால் படைப்பு மனநிலையும் போய்விடும் என்று தோன்றுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., மயிலாடுதுறை

அன்புள்ள எம்.,

புதிதாகப் படம் எடுக்க வருபவர்களுக்குக் காகிதம் என்றதும் போலீஸ்காரரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இடத்துக்கான அனுமதி இல்லாமல் போனால் நேரக்கூடியது பெரும்பாலும் ஒரு நாள் நஷ்டம். அந்தக் காட்சியை வேறோர் இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். கதைக்கும் நடிப்பவருக்கும் பாட்டுக்கும் உரிய காகிதம் இல்லாவிட்டாலோ, படப்பிடிப்பு எந்தத் தடையும் இல்லாமல் நடந்து முடிந்துவிடும், படம்தான் வெளியே வராது. ஆகவே, எடுத்து முடித்தபின் சரிசெய்ய முடியாதது எது என்று பார்த்து, அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, எனக்கு ரயில் நிலையத்தைவிட அந்தத் தொலைபேசி உரையாடல்தான் கவலை தந்தது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரின் கையொப்பம் இருக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே பொருள்கொள்கிறது. அயல்நாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுப்பும் ஆசையுள்ள எவருக்கும் இந்த இரண்டாவது மௌனம் ஆபத்தானது. இன்னொன்றும் உண்டு: வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். பணம் திரட்டவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் சிறு படங்களுக்கு, இந்த ஓராண்டு வரம்பை மாற்றி ஒப்பந்தத்தில் எழுதும் ஒரு வரி உயிர்நாடி. எந்தக் கதை, என்னென்ன உரிமைகள், எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நாடுகள், எவ்வளவு தொகை என்பதை அவருக்குப் புரியும் தமிழில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுத்தாளர் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். கதை கேட்டு வருகிறவர்களை நானும் அறிவேன். தாளோடு வருபவர்மீதுதான் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

அடுத்து சிறுமி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் திருத்தம் வந்தது; அதைத் தொடர்ந்து 2017இல் திருத்தப்பட்ட விதிகள் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெற்றோரின் சம்மதத்தையும், குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவரின் பெயரையும் உறுதிமொழியோடு தர வேண்டும். அவளுடைய வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். படிப்பு தடைப்படக் கூடாது என்பதும் விதி. ஆகவே பள்ளித் தேர்வுகளின் தேதியைக் கேட்டுக்கொண்ட பிறகே படப்பிடிப்புத் தேதியை யோசியுங்கள்.

உங்கள் திட்டத்தை நேரடியாகத் தொடும் விதி வேறொன்று. குழந்தையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. முதன்மைப் பாத்திரமே அவள் என்றால், காலை ஆறு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை எடுக்கும் வழக்கமான கணக்கில் நீங்கள் போட்டிருக்கும் 14 நாள் நிற்காது. ஒன்று, நாட்களைக் கூட்ட வேண்டும். அல்லது, அவள் இல்லாத காட்சிகளையும், அவள் முகம் தேவைப்படாத ஷாட்டுகளையும் பிரித்தெடுத்து அந்தந்த நாளின் மீதி நேரத்தில் வைக்க வேண்டும். இதை இப்போது தாளில் செய்தால் செலவில்லை. படப்பிடிப்பின் ஏழாவது நாளில் செய்ய நேர்ந்தால் யூனிட் முழுவதற்கும் பேட்டா கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டியிருக்கும்.

ஆட்டுக்கும் அனுமதி வேண்டும். சிரிக்காதீர்கள், புலிக்கும் யானைக்கும் மட்டுமே இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் விதிகளின் கீழ், படத்தில் விலங்கைப் பயன்படுத்துமுன் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். தணிக்கைச் சான்றுக்குப் போகும்போது அந்த வாரியத்தின் தடையின்மைச் சான்றைக் கேட்பார்கள். வாரியம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவில் இருக்கிறது. கடிதப் போக்குவரத்துக்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

டீக்கடைக் காட்சியில் ரேடியோவை அணைத்துவிடுங்கள். பழைய திரைப்பாடல் பின்னணியில் பத்து விநாடி ஒலித்தாலும் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக வேறோர் உரிமை என்று இரண்டையும் நாட வேண்டிவரும். பாட்டு அவசியம் என்றால் சிறுமியைப் பாரதியார் பாடலைப் பாடச் சொல்லுங்கள்; அவர் எழுத்துகள் 1949இலேயே நாட்டுடைமையாயின. ஆனால் ஏற்கெனவே யாரோ இசையமைத்துப் பதிவு செய்த வடிவத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரதியின் சொற்களுக்குத் தடையில்லை என்பதால் அந்த மெட்டுக்கும் தடையில்லை என்று ஆகாது.

இனி இடங்கள். தாராசுரம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில், உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. அங்கே படமெடுக்கத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். பூசை நடக்கும் கோயில் ஆதலால் கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். ரயில்வேயோ, காட்சியின் எழுத்து வடிவம், தேதி, ஆட்களின் எண்ணிக்கை, கருவிகளின் பட்டியல், காப்பீடு, கட்டணம் என்று எல்லாவற்றையும் கேட்கும். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த நிலையம் கதைக்கு அத்தனை முக்கியமா என்று நானாக இருந்தால் மறுபடியும் யோசிப்பேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் ரயில் போகும் ஓசையைக் கேட்பது போதுமானதாக இருக்கலாம். டிரோனைப் பொறுத்தவரை, 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிக நோக்கில் பறக்கவிடுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளியைப் பிரித்துக் காட்டும் அரசு வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் வீட்டுக்கு, குடியிருப்பவரிடம் அல்லாமல் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். பேட்ச் ஒர்க்குக்காக, அதாவது விட்டுப்போன ஷாட்டுகளை எடுப்பதற்காக, இன்னொரு நாள் வர நேரிட்டால் என்ன வாடகை என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

படைப்பு மனநிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உதவி இயக்குநர்கள் சீன் ஆர்டர் போடும்போது, ஒவ்வொரு காட்சிக்கும் பகலா இரவா, உள்ளா வெளியா, யார் யார், என்னென்ன பொருட்கள் என்று கட்டம் கட்டி எழுதுவார்கள். அதே அட்டவணையில் அனுமதி என்று ஒரு கட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், தனியாக அலைய வேண்டியதில்லை. அந்தக் கட்டம் நிரம்பி வழியும் காட்சிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவற்றில் சில, பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகவே எழுதப்பட்டவை என்று உங்களுக்கே தெரியவரும். திரைக்கதையைத் திருத்த இதைவிடக் கறாரான வாசகர் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

காப்பீட்டைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். உங்களிடம் கிரேன் இருக்காது, ஆனால் ஆற்றங்கரையும் மின்கம்பிகளும் 10 வயதுச் சிறுமியும் இருக்கிறார்கள்.

மேலே சொன்ன ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒப்பந்தத்திலும் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயரை எழுத வேண்டும். படத்தின் முதல் உரிமையாளரும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவர்தான். நீங்கள் ஐந்து பேர் பணம் போட்டிருக்கிறீர்கள். அது கடனா, முதலீடா, யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு வழக்கறிஞரை வைத்துக் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு, எழுத்தாளரைப் பார்க்கப் போங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கும் விலங்குகள் நல வாரியத்துக்கும் அந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்