மலையை நடுவில் வையுங்கள்

ஐயா, வணக்கம். என் தம்பி அமெரிக்காவில், டென்வரில் இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக அங்கே போகிறார்கள். பயணத்தின் கடைசியில் மூன்று நாள் தங்க மலையில் ஒரு வீடு எடுத்திருக்கிறான். இறங்கிய மறுநாளே விமானம். உடம்பு தாங்குமா என்று அம்மாவுக்குப் பயம். "மலை பார்க்க அவ்வளவு தூரமா? நமக்குக் கொடைக்கானல் இல்லையா?" என்கிறார் அப்பா. நீங்கள் மகள் வீட்டுக்குப் போனபோது கொலராடோ மலையில் தங்கியதை எழுதினீர்கள். திரும்பி வந்ததைப் பற்றி எழுதவில்லையே?
— ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அம்மாவின் பயம். உயரத்தால் வரும் தலைவலியும் மூச்சிரைப்பும் ஏறும்போதுதான் படுத்தும்; இறங்க இறங்கக் குறைந்துவிடும். டென்வரே 5,280 அடி உயரத்தில் இருக்கிற ஊர். தம்பி வீட்டில் சில நாள் இருந்துவிட்டு மேலே போனால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். இதய நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் கிளம்புமுன் இங்கேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது வலிக்கும். அடிக்கடி எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்.

நாங்கள் தங்கியது உட்லண்ட் பார்க் என்ற மலை ஊரில், 8,400 அடிக்கு மேல். அங்கிருந்து பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்குக் காரிலேயே போகலாம். உச்சி 14,115 அடி. இறங்கும் வழியில் க்ளென் கோவ் என்ற இடத்தில் காரை நிறுத்தி, சக்கரத்துக்கு நேரே ஒரு கருவியைக் காட்டி பிரேக் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சூடு அதிகம் என்றால் ஓரங்கட்டி, ஆறிய பிறகுதான் விடுவார்கள். கொடைக்கானல் ரோட்டில் நம் டிரைவர்கள் "ஏறின கியர்லயே இறங்கு" என்பார்களே, அதேதான். உச்சியில் குடித்து முடித்து இறுக்கி மூடி வைத்த தண்ணீர் பாட்டில், கீழே வருவதற்குள் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய்க் கிடந்தது. பேரன் மூடியைத் திருகியதும் காற்று உள்ளே போய் நிமிர்ந்துகொண்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உடம்புக்காக இல்லை, வேறு காரணத்துக்காக அந்த மலைப் பயணத்தை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள்.

மகள் வீட்டில் முதலில் நாங்கள் விருந்தாளிகளாகத்தான் இருந்தோம். எந்த சுவிட்ச் எதற்கு என்று கேட்டுக் கேட்டுத் தொடுவோம். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும் என்று என் மனைவி அடுப்புப் பக்கமே போகத் தயங்குவாள். மலையில் எடுத்த வாடகை வீட்டில் குக்கர் கிடையாது. அந்த உயரத்தில் தண்ணீர் 91, 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவில்லை. டென்வர் திரும்பியதும் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். யாரையும் கேட்காமல் மேல் அலமாரியிலிருந்து பருப்பை எடுத்துக் குக்கரில் ஏற்றி, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு, "நீ போய்க் குளி, நான் பாத்துக்கிறேன்" என்று மகளை விரட்டினாள். மதுரையில் அவளை விரட்டுகிற அதே குரல். மகளும் மறுபேச்சில்லாமல் போனாள்.

அதற்கப்புறம் அங்கே இருந்த நாட்கள்தான் எங்களுக்கு நிஜமாகப் பிடித்த நாட்கள். எங்கேயும் போகவில்லை. ராத்திரி சாப்பிட்ட தட்டு காயக் காயப் பேசிக்கொண்டிருந்தோம். வேலையில் தனக்கிருந்த நெருக்கடியை மகள் அப்போதுதான் சொன்னாள். மறுநாள் விமானம் என்றிருந்தால் அந்த நேரம் பெட்டி எடை பார்ப்பதிலேயே போயிருக்கும்.

அப்பாவிடம் இதையே சொல்லுங்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கினால் அவர் தன் வீட்டுக்கு வருவார். அங்கே இறங்கினால் மகன் வீட்டுக்கு வருவார், அதுவும் ஊர் சுற்றிக் களைத்து, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே. பிள்ளை வீட்டில் அப்படி உரிமையோடு நுழைய அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா?

தேதியை மாற்ற முடியுமா என்று தம்பியை இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள். கோடையில் பைக்ஸ் பீக் சாலைக்கும் முன்பதிவு வேண்டியிருக்கும். குக்கர் இருக்கிற வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தம்பி வீட்டுக் குக்கரைக் காரில் ஏற்றிவிடட்டும்.