டிரெயின் பிளக் இறுகாமல் சுற்றுகிறது, டெஃப்ளான் டேப் போதுமா?

போதாது. காரில் என்ஜின் ஆயில் மாற்றியபோது, ஆயிலை வடிப்பதற்கு என்ஜினின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்ததாகவும், மெக்கானிக் டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டிக் கொடுத்ததாகவும், இப்போதைக்குச் சொட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிளக்கைப் பிடித்து வைத்திருப்பது மரை. ஆயிலை அடைப்பது பிளக்கின் தலைக்கு அடியில் நசுங்கி உட்காரும் வாஷர். டேப் இவ்விரண்டில் எதற்கும் மாற்றாகாது. மேலும், அதன் நூல் பிரிந்து உள்ளே போனால் ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிடிப்பில்லாத பிளக் ஓட்டத்தில் அதிர்ந்து கழன்று விழுந்தால், ஆயில் விளக்கைப் பார்த்து நீங்கள் வண்டியை ஓரங்கட்டுவதற்குள்ளேயே பேரிங்குகள் கெட்டுவிடக்கூடும்.

முதலில், தேய்ந்தது பிளக்கின் மரையா, சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரையா என்று பார்க்க வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, அதே அளவில் ஒரு புதிய பிளக்கை விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். டொயோட்டா பெட்ரோல் கார்கள் பலவற்றில் 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. பிட்ச்சும் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்), சுசுகி, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 14 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்ச்சும் இருக்கும். புதிய பிளக் ஆட்டமில்லாமல் ஏறி நன்றாக இறுகினால், பிளக்கோடும் புதிய வாஷரோடும் செலவு முடிந்தது. பழைய பிளக்கின் மரை இடுக்குகளில் வெள்ளி நிறத்தில் உலோகம் சுருண்டு ஒட்டியிருந்தால், அது அநேகமாக அலுமினிய சம்ப்பின் மரை உரிந்து வந்ததுதான்.

இருபது வயதைக் கடந்த எங்கள் செடானுக்கு இதுதான் நேர்ந்தது. எங்கோ ஒரு பட்டறையில் ஏர் கன்னால் பிளக்கை இறுக்கியிருக்கிறார்கள்; அடுத்த முறை கழற்றியபோது மரை ஸ்பிரிங் போலச் சுருளாகக் கையோடு வந்தது. தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் பிளக் ஒன்றை வாங்கிப் போட்டேன். நூறு ரூபாய் வேலை என்று எண்ணிச் செய்தது அது. மிருதுவான அலுமினியத்தில் அது மயிரிழை அளவு கோணலாக ஏறியதால் வாஷர் ஒரு பக்கம் மட்டுமே படிந்தது. தினமும் காலையில் தரையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறை. இரும்புத் தகட்டுச் சம்ப்பில் அந்தப் பிளக் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அலுமினியத்தில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியில் சம்ப்பைக் கழற்றி லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் துளையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைப் பெரிதாக்கி 20 மி.மீ. மரை வெட்டி, வெளியே 20-உம் உள்ளே 14-உம் மரை கொண்ட ஒரு எஃகு புஷ்ஷைக் கடைந்து, மரைப் பசை தடவி ஏற்றினார். புஷ் உட்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் பழைய ஆயில் முழுதும் வடியாமல் தேங்கும் என்று சொல்லி, அதைச் சம்ப்பின் அடிமட்டத்துக்குச் சமமாகச் சீவிக் கொடுத்தது அவருடைய கைத்திறமை. துளையைச் சுற்றி அவ்வளவு சதை இல்லாத சம்ப்புக்குக் கம்பிச் சுருள் வகையான ஹெலிகாயில் பொருந்தும். அதைச் சம்ப்பைக் கழற்றாமலேயே போடலாம் என்பார்கள், போடவும் முடியும். ஆனால் உலோகத் துருவல் உள்ளே விழுமே என்ற பயத்துக்கு, கழற்றிச் செய்து, மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்தபின் புதிய கேஸ்கட் அல்லது சிலிக்கான் பசையோடு மாட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்களுடையது தகட்டுச் சம்ப்பாக இருந்தால் (காந்தம் ஒட்டினால் தகடு, ஒட்டாவிட்டால் அலுமினியம்) புஷ்ஷுக்கு அலைய வேண்டாம். சம்ப்பையே மாற்றிவிடுங்கள். புதியது கிடைக்காத மாடல் என்றால், சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். வாங்கும் முன் ஒரு பிளக்கை அங்கேயே திருகிப் பார்த்து வாங்குங்கள்.

இறுக்கும் விஷயத்தில் பலரும் கை பலத்தைக் காட்டிவிடுகிறார்கள். 14 மி.மீ. பிளக்குக்குப் பல கையேடுகள் கேட்பது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 20 கிலோ அழுத்தத்துக்கு அது சமம். ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுக்கத் தேவையே இல்லை. முதல் சில சுற்றுகளை விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். வேலை முடிந்த அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். எங்கள் வண்டியில் புஷ் போட்டபின் ஐந்து முறை ஆயில் மாற்றியாகிவிட்டது, அட்டையில் இதுவரை கறை விழவில்லை.