குணாவை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது, ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை?

போன இதழில் கமல் நடித்த ‘குணா’ படத்தைப் பற்றி நான் எழுதிய அரைப் பக்கத்துக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அது தெய்வீகக் காதல் என்று ஒரு கட்சி. பெண்ணைக் கடத்திப்போனவனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று இன்னொரு கட்சி. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

*தலவாக்கலை வாசகர்: டீச்சர், வந்தபோது பெரிதாக ஓடாத படத்தை இப்போது இளைஞர்கள் கொண்டாடுகிறார்களே, அன்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லையா?*

புரியாமல் இல்லை தம்பி. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. பண்டிகை நாளில் படம் பார்க்க வந்த சனம், மனநிலை சரியில்லாத ஒருவன் ஒரு பெண்ணை அம்மனாக நினைத்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துத் திகைத்துப் போனது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அது வீடியோ கசெட்டில்தான் வந்தது. டெக் வாடகைக்கு எடுத்து, வாசல் இஸ்தோப்பில் டீவியைத் தூக்கி வைத்து, லயத்து வீட்டார் எல்லாரும் கூடிப் பார்த்த காலம். பையன்கள் கமலின் நடிப்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு அம்மா மட்டும் சத்தமாகவே கேட்டார்: “அந்தப் புள்ளய வீட்டுல தேட மாட்டாங்களா?” இத்தனை வருடத்தில் அந்தப் படத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இன்றைய பிள்ளைகள் பலர் 2024இல் வந்த மலையாளப் படம் ஒன்றில் குணாவின் பாட்டைக் கேட்டுவிட்டு மூலப் படத்தைத் தேடிப் போனவர்கள். அதில் ஒரு நண்பனைக் குழியிலிருந்து மீட்கும் இடத்தில் அந்தப் பாட்டு வருகிறது. அந்த உருக்கத்தோடு போகிறவர்களுக்கு குணா முதலிலேயே நல்லவனாகிவிடுகிறான். கதையிலிருந்து தொடங்கினவர்களுக்கு அப்படி இல்லை. அதனால்தான் ஒரே படத்துக்கு இரண்டு வரவேற்பு.

*மஸ்கெலியா வாசகி: உயர்தர வகுப்புக்குப் போகும் வழியில் ஒருவர் தினமும் பின்னால் வருகிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “குணா மாதிரி உண்மையான அன்பு, கொஞ்சம் இரங்கேன்” என்கிறார்கள் தோழிகள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். பிடிப்பது தப்பா?*

மகள், தப்பே இல்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் படத்தை இன்னொரு தடவை பார், இந்த முறை அவனைப் பார்க்காமல் அவளைப் பார்.

அவள் பெயர் ரோகிணி. படம் முடியும்போது எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறது? அவன் தன் கனவில் இருந்த அபிராமியை அவள் மேல் போட்டுவிட்டான். நாமும் அபிராமி என்றே கூப்பிடுகிறோம். அந்தக் கடிதக் காட்சியை எடுத்துக்கொள். அவன் மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சொல்வது அவன் வார்த்தை, எழுதுவது அவள் கை. அந்த இடத்தில் இளையராஜாவின் இசை நம்மை அப்படியே அவன் பக்கம் சாய்த்துவிடுகிறது. என் கண்ணும்தான் கலங்கியது. ஆனால் கடத்தி வரப்பட்ட ஒருத்தியின் பயம் அங்கே எங்கே போனது? அவள் மனம் மாறுவதை இயக்குநர் சந்தானபாரதி அவசரமாகக் கடந்துவிடுகிறார். இவ்வளவு பெரிய படத்தில் எனக்கு ஆறாத குறை அதுதான்.

குணாவின் தனிமையும் அவன் வளர்ந்த வீடும் மனதை அறுக்கும். அவனைப் புரிந்துகொள்ளலாம், அவனுக்காக அழலாம். அதற்காக அவன் செய்தது சரி என்று ஆகிவிடாது. படத்தில் நம்மை அவன் மனதுக்குள் உட்கார வைத்துக் கதை சொல்கிறார்கள். உன் பாதையில் நடப்பதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

இனி உன் விசயம். நீ வேண்டாம் என்று சொன்னபிறகும் பின்னால் வருவது அன்பு இல்லை. அவனைத் திருத்துவதும் உன் வேலை இல்லை. இன்றைக்கே அம்மாவிடம் சொல், வகுப்பு ஆசிரியரிடமும் சொல். எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னான் என்று கொப்பியில் எழுதி வை. சொல்லாலும் செயலாலும் பாலியல் தொந்தரவு செய்வது நம் இலங்கையில் 1995 முதல் குற்றம். 1938க்கு அழைத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். பொலிசில் பெண்கள், சிறுவர் பிரிவும் இருக்கிறது. வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதே. “வம்பு வேண்டாம், வீட்டிலேயே இரு” என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தை அவர்கள் கையில் கொடு.

*பண்டாரவளை வாசகர்: விமர்சகர்களே அடித்துக்கொண்டால் யாரை நம்புவது?*

அவசரப்படாதீர்கள். ஒரு பெண்ணை இன்னொருத்தியாக மாற்றத் துடிக்கும் ஆணைப் பற்றி ஹிட்ச்காக் எடுத்த ‘வெர்டிகோ’ 1958இல் வந்தபோதும் இப்படித்தான் அபிப்பிராயம் பிரிந்தது. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகையின் வாக்கெடுப்பில் அதுவே உலகின் சிறந்த படங்களில் முதல் இடத்துக்கு வந்தது. இந்த மாதிரிப் படங்கள் நாம் மறைத்து வைத்திருக்கும் ஏதோ ஒன்றைத் தொடுகின்றன, அதனால்தான் இவ்வளவு சூடு.

*நாவலப்பிட்டி வாசகி: இதே மாதிரி வேறு ஒரு தமிழ்ப் படம் சொல்லுங்கள்.*

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, 1980. இளையராஜாவுக்கு 100ஆவது படம். பிரதாப் போத்தன் பெண்களைக் கொல்பவனாக வருகிறார். ஷோபாவை ஊட்டிக்குக் கடத்திக்கொண்டு போகிறார். நம் கல்யாண வீடுகளில் உருகி உருகிப் பாடும் ‘என் இனிய பொன் நிலாவே’ இந்தப் படத்துப் பாட்டுத்தான். ஆனாலும் அவனை யாரும் காதலன் என்று கொண்டாடுவதில்லை. ஷோபாவின் பயத்தைப் படம் கடைசிவரை கைவிடவில்லை. ‘குணா’வோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

*பொகவந்தலாவை வாசகர்: “அவள் என்னைத்தான் விரும்புகிறாள்” என்று என் மச்சான் ஒரு வருடமாகச் சொல்கிறான். அந்தப் பெண்ணுக்கு இவனைத் தெரியவே தெரியாது. நிஜத்தில் இப்படி ஒரு நோய் உண்டா?*

உண்டு. பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ 1921இலேயே இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். தன்னை ஒருவர் காதலிப்பதாக ஆள் உறுதியாக நம்புவார், மறுத்தால் அதையும் சம்மதமாக எடுத்துக்கொள்வார். உங்கள் மச்சானுக்கு அதுதானா என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். அவனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கேலி செய்தால் இன்னும் மோசமாகும். 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் இருக்கிறது. கோயிலில் நூல் கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். கட்டிவிட்டு, கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் விசயத்தைச் சொல்லுங்கள், அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.