கூரையை அடைத்துவிட்டுத் தரையைச் சூடாக்குங்கள்

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. கருங்கல் சுவர், ரெட் ஆக்சைடு தரை. இப்போது புதுப்பிக்கிறோம். மார்கழி, தையில் வெறுங்காலைத் தரையில் வைக்க முடியவில்லை. தரைக்கடியில் ஹீட்டிங் போடச் சொல்கிறார்கள். கரண்ட் மேட் (டைல்ஸுக்கடியில் விரிக்கும், சூடேறும் கம்பி கோத்த வலை) நல்லதா, வெந்நீர்க் குழாய் நல்லதா? சனி, ஞாயிறு மட்டும்தான் போய்த் தங்குவோம்.
– சேலம் வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் தங்கும் வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் வேண்டாம்.

காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். அடியில் சூடு மண்ணுக்குள் இறங்காமல் தடுக்க 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை, அதன்மேல் 150 மி.மீ. இடைவெளியில் 16 மி.மீ. பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய், குழாயை மூட 65 மி.மீ. சிமென்ட் கலவை, மேலே டைல்ஸ். மொத்தம் 5 அங்குலம் தரை உயரும். எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும்; பழைய வீட்டின் குள்ளமான நிலை இன்னும் குள்ளமாகித் தலையில் இடிக்கும். அத்தனை கனமான கலவை குளிர்ந்து கிடந்தால் சூடேற அரை நாள் பிடிக்கும். வெள்ளி இரவு போய் ஸ்விட்சைப் போட்டால் சனி மத்தியானம்தான் கால் உணரும். ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர், நான்கைந்து அறைக்கு, ஹீட் பம்ப்போடு (வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் இயந்திரம்) போட்டால் அது வேறு கதை. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். செலவுக்கு அர்த்தம் உண்டு.

உங்களுக்குக் கரண்ட் மேட். ஆனால் அதை வாங்குமுன் அண்ணாந்து பாருங்கள். மச்சு இல்லாத மங்களூர் ஓட்டுக்கூரை என்றால் 12-க்கு 12 அடி அறையில், வெளியே 12 டிகிரி, உள்ளே 20 வைத்துக்கொள்ள, கூரை வழியாக மட்டும் சுமார் 600 வாட் போய்விடும். ஓட்டுச் சந்தில் நுழையும் காற்று தனி. தரை 27 டிகிரியில் இருந்தால் 10 சதுர மீட்டர் கொடுப்பதே 750 வாட்தான். அதாவது வானத்தைச் சூடாக்கக் கரண்ட் பில் கட்டுவீர்கள். ரீப்பருக்குக் கீழே பலகையோ ஜிப்சமோ அடித்து, மேலே 50 மி.மீ. ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) பரப்பினால் அந்த 600 வாட் 80 வாட்டுக்குள் அடங்கும். முதல் பணம் அங்கே போகட்டும்.

அடுத்து ஈரம். பழைய தரைகள் பெரும்பாலும் மண்மேல் நேராகப் போட்டவை. இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மூன்றாம் நாள் தாளுக்கடியில் நீர்முத்து கோத்திருந்தால், ஈரத்தடுப்பு செய்யாமல் மேட் போடக்கூடாது. இந்தச் சோதனையை மழை, பனிமூட்ட நாளில் செய்யுங்கள். சித்திரையில் செய்தால் தரை நல்லபிள்ளையாக நடிக்கும்.

அந்த அறை 13.4 சதுர மீட்டர். பீரோ, சுவரலமாரி நிற்கும் இடம் கழித்தால் 10 தேறும். சதுர மீட்டருக்கு 150 வாட் மேட் என்றால் 1500 வாட், 6.5 ஆம்ப். பழைய ஒயரில் கோத்துவிடாதீர்கள். போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, நல்ல எர்த். வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் 1500 வாட் மேட் ஆயிரம் வாட்தான் தரும். மேட் கெட்டுவிட்டது என்று எலெக்ட்ரீஷியனைத் திட்டவேண்டாம்.

மேட்டின் ஓம் அளவை மூன்று முறை மல்டிமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள்: பெட்டியிலிருந்து எடுத்ததும், விரித்ததும், டைல்ஸ் ஒட்டியதும். 1500 வாட் மேட் 35 ஓம் பக்கம் காட்டும். கலவை போடும்போது கரண்டி முனை கீறியிருந்தால் மூன்றாம் அளவில் தெரியலாம். ஆனால் கம்பியின் உறை மட்டும் கிழிந்திருந்தால் ஓம் மாறாது. அதற்குத்தான் உறையில் கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெகர் சோதனை. அதையும் மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். நீளம் அதிகம் என்று கம்பியை வெட்டக்கூடாது. வலையை மட்டும் வெட்டித் திருப்பலாம். கம்பிமேல் கம்பி படக்கூடாது. தரைச் சூட்டை அளக்கும் சென்சாரை இரண்டு கம்பிக்கு நடுவே, முனை அடைத்த குழாய்க்குள் விடுங்கள். பழுதானால் டைல்ஸை உடைக்காமல் உருவி மாற்றலாம். டைல்ஸ் ஒட்டச் சாதா சிமென்ட் வேண்டாம், வளைந்துகொடுக்கும் பசை வேண்டும். கலவை முழுதும் இறுகுமுன், 28 நாளைக்கு, ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தவறு: தரையில் மெத்தை விரித்துப் படுப்பது. பாய் விரித்தால் பரவாயில்லை. தடித்த பஞ்சு மெத்தை சூட்டை அடைத்துக் கம்பியையும் கெடுக்கும், அசையாமல் தூங்குபவரின் தோலையும் பதம் பார்க்கும். அடிப்பக்கம் தரையோடு ஒட்டிய அரிசி டிரம்மும் அப்படித்தான். கால் வைத்த கட்டில் உத்தமம்.

ஏதாவது ஓர் அறையில் ரெட் ஆக்சைடு காவித்தரை விரிசலின்றிப் பளபளவென்று இருக்கிறதா? உடைக்காதீர்கள். இன்று அந்தத் தரையைப் போட ஆள் கிடைப்பதே கஷ்டம். அந்த அறையில் 600 வாட் இன்ஃப்ராரெட் பேனலைச் சுவரில் மாட்டுங்கள். காற்றைச் சூடாக்கக் காத்திராமல் பத்து நிமிடத்தில் உடம்புக்கு உறைக்கும். மேட்டைப் படுக்கையறையோடும் குளியலறையோடும் நிறுத்துங்கள்.

கேள்வி: சோலார் வாட்டர் ஹீட்டர் தண்ணீரையே தரைக்குழாயில் விடலாமா?
– ஏற்காடு வாசகி

பதில்: நேராக விடக்கூடாது. டாங்கில் 60 டிகிரித் தண்ணீர் இருக்கும். தரைக்கு 35 முதல் 40 போதும். பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு இல்லாவிட்டால் டைல்ஸ் கிளம்பும். குளிக்கும் தண்ணீரும் தரைத் தண்ணீரும் கலக்காதபடி டாங்குக்குள் சுருட்டிய குழாய் (காயில்) வழியாகத்தான் சூட்டை எடுக்க வேண்டும். 200 லிட்டர் 60-லிருந்து 35-க்கு இறங்கினால் கிடைப்பது சுமார் 5.8 யூனிட், ஒரு அறைக்கு ஓர் இரவு. பனிமூட்டம் இறங்கிய நாளில் அதுவும் இல்லை, குளிக்கவும் இல்லை.

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. அம்மாவுக்கு மூட்டுவலி. தரை ஹீட்டிங் போடலாமா?

பதில்: வேண்டாம். படுக்கையருகே ஒரு ஜமுக்காளம், காலுக்கு சாக்ஸ். மிச்சப் பணத்தில் குளியலறையில் வழுக்காத டைல்ஸும் கைப்பிடியும் போடுங்கள்.

கேள்வி: மலைவீட்டில் இரவு கரியடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். தப்பா?

பதில்: உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இன்று இரவே அடுப்பை வெளியே வையுங்கள்.